ஃபேட்டி லிவரில் தழும்பு விழுந்திருக்குமா? வீட்டிலேயே கணக்கிடும் முறை

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'கிரேடு 1', 'கிரேடு 2' எல்லாம் கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்பதற்கான கண்மதிப்பு. அழற்சி அதில் தெரியாது. ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொழுப்பு தாங்காமல் செல்கள் சாகும்போது, கல்லீரலிலேயே குடியிருக்கும் குஃப்பர் செல்கள் அபாயச் சைகை கொடுத்து ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. இது வருடக்கணக்கில் அடங்காவிட்டால், வைட்டமின் ஏ-யைச் சேமித்துவைத்துச் சும்மா இருந்த ஸ்டெல்லேட் செல்கள் கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்கும். காயத்தை ஆற்றுகிற வேலைதான், நிறுத்தத்தான் ஆளில்லை. அந்த நார்தான் தழும்பு, முற்றினால் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ்.

தழும்பை ஊகிக்க 'ஃபிப்-4' கணக்கு போதும். ஒரே நாளில் எடுத்த எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதிகள்), பிளேட்லெட் மூன்றும் வேண்டும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள்.

பலரும் சறுக்குவது பிளேட்லெட்டில். நம் லேப்கள் லட்சத்தில் தருகின்றன. கணக்குக்கு ஆயிரத்தில் வேண்டும். 1.95 லட்சம் என்றால் 195.

வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64 என்று வையுங்கள். 52 × 48 = 2496. 64-இன் வர்க்கமூலம் 8; 8 × 195 = 1560. விடை 1.6.

1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. அவரவர் எல்லைக்கு மேலே போனால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும், 3 மணி நேரம் வெறும் வயிற்றோடு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் நேராகப் போய்விடுங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

டெங்கு, வைரஸ் காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டை எடுத்து உட்காராதீர்கள். பிளேட்லெட் இறங்கி எஸ்ஜிஓடி ஏறியிருக்கும். அதே ஆளுக்குப் பிளேட்லெட் 80 ஆயிரம், எஸ்ஜிஓடி 120, எஸ்ஜிபிடி 100 என்று வந்தால் விடை 7.8! கடும் உடற்பயிற்சிக்கு மறுநாளும் எஸ்ஜிஓடி ஏறும், தசையிலும் அது உண்டு. எஸ்ஜிபிடி நார்மல் என்பதாலேயே தழும்பில்லை என்றும் ஆகாது.

80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் கொழுப்பு வடியும். அழற்சி தணிய 6 கிலோவாவது இறங்க வேண்டும். தழும்பு பின்வாங்க 8 கிலோவோ அதற்கு மேலோ குறைய வேண்டும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இறக்கினால் அழற்சி கூடவும் செய்யலாம். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் 1 கிலோ போதும். கணக்கு 1.3-க்குள் இருந்தாலும் சர்க்கரை நோயாளிகள் 1 முதல் 2 வருடத்துக்குள் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.