மார்மன் இளம் ஊழியர்கள் சறுக்கும் இடங்கள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இருவர் இருவராகச் சைக்கிள். உலகின் பல நகரங்களில் இந்தக் கோலத்தைக் கண்டதுமே மார்மன் ஊழியர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். ‘மார்மன்’ என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. ஆனாலும் ஊர் வாயில் அதுதான் நிற்கிறது. தங்கள் மதத்தைப் பரப்பும் இந்த ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பிள்ளை என்றால் 2020 முதல் மாதம் 500 டாலர் அவரோ குடும்பமோதான் கட்ட வேண்டும். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19-இலிருந்து 18 ஆனது. ஆக, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கவும் முடியாமல் கிளம்புகிறவர்கள் ஏராளம்.

வீட்டு வாசலில் நின்று பேசுவதுதான் இவர்களுக்குப் பெரிய சோதனை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுவது சில வாரங்களில் பழகிவிடும். லேசில் பழகாதது, கூடவே இருக்கும் ஆள்.

யாருடன் யார் என்பதை முடிவு செய்பவர் மிஷன் தலைவர், அதாவது அந்தப் பகுதி ஊழியர்களுக்கெல்லாம் பொறுப்பானவர். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பாதை. குளியலறை நேரம் போக மற்ற பொழுதெல்லாம் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி. சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். அதில் பெயர் இல்லையென்றால் இன்னும் ஆறு வாரம் அதே முகம்தான். இங்கே பலரும் செய்யும் தவறு, சின்னச் சின்ன எரிச்சல்களை விழுங்கிக்கொண்டு சிரித்த முகம் காட்டுவது. ஒருவன் சாப்பிட்டுப் போட்ட கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணம் பாத்திரம் கழுவும் தொட்டியில் மூன்று நாளாகக் காய்ந்து கிடக்கிறது. சபை வேலைக்கு வந்துவிட்டு இதற்கெல்லாமா சண்டை என்று மற்றவன் அதைக் கழுவி வைக்கிறான். மறுநாள் இன்னொரு கிண்ணம். காலை ஆறரைக்கு இவன் எழுந்து குளித்து வேதம் படிக்க உட்கார்ந்தால், அவன் ஏழேகாலுக்குப் புரண்டு படுக்கிறான். அதையும் பொறுத்துக்கொள்கிறான். கடைசியில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், வரைபடத்தை யார் கையில் வைத்திருப்பது என்பதற்காக வெடிக்கிறான். எதற்கு இத்தனை கோபம் என்று கூட இருப்பவனுக்குப் புரியவே இல்லை.

இதற்காகவே வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் இருவரும் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். “எனக்கு ஒன்றும் குறையில்லை, உனக்கு?” “எனக்கும் இல்லை” என்று அரை நிமிடத்தில் அதை முடித்துக்கொள்பவர்கள்தான் அடுத்த வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் சைக்கிள் மிதிக்கிறார்கள். நேர்மாறான தவறும் உண்டு: துணையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் குறைகளை மிஷன் தலைவருக்கு எழுதும் வாரக் கடிதத்தில் வரிசைப்படுத்துவது. இரவில் தனியே வெளியே போவது போன்ற ஆபத்தான காரியம் என்றால் உடனே சொல்லத்தான் வேண்டும். கிண்ணத்துக்குக் கடிதம் தேவையில்லை.

அடுத்தது எண்ணிக்கை மோகம். புதிதாகப் போதிக்கப்படுகிறவர்கள் எத்தனை பேர், ஆராதனைக்கு வந்தவர்கள் எத்தனை, ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தவர்கள் எத்தனை என்று வாரந்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்பதில் தவறில்லை. பதினெட்டு வயதுக்காரன் அதைத் தன் விசுவாசத்தின் மதிப்பெண் பட்டியலாக எடுத்துக்கொள்வதில்தான் விபரீதம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சபையின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஊழியர்கள் சிறுவர்களைப் பேஸ்பால் விளையாடக் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானம் அணியில் சேருவதற்கான சடங்கு போல ஆகிவிட்டது. அந்தச் சிறுவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு சபையில் சேர்ந்திருக்கிறோம் என்பதே தெளிவாகத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் வீடு வீடாகத் தேடிப்போய்ப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. பேஸ்பால் ஞானஸ்நானம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோக்கியோவின் தென்பகுதி மிஷனிலும், தெருவில் சந்தித்த இளைஞர்களை அவசர அவசரமாகத் தண்ணீரில் இறக்கிய கதை நடந்தது. ஊழியத்துக்கு வந்த பையன்கள் மேலிடம் சொன்னதைத்தான் செய்தார்கள். ஆகவே பழியில் பெரும்பங்கு இலக்கு வைத்த பெரியவர்களுக்கு என்பது என் கருத்து. ஆனால் “இவருக்கு நாம் சொல்வது புரிந்திருக்கிறதா?” என்று தண்ணீருக்கு முன்னால் ஒருமுறை கேட்பது அந்தப் பையன்களால் முடிந்த காரியம்தான்.

வசனச் சண்டையைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் ஒருவர் வேதாகமத்தோடு சேர்த்து, தங்கள் சபை வேதமாகக் கருதும் மார்மன் புஸ்தகத்தையும் நீட்டினால், வீட்டுக்காரர் அதிகாரமும் வசனமும் சொல்லி மடக்கப் பார்ப்பார். இளைஞனுக்கும் ரத்தம் சூடாகும். வாதத்தில் ஜெயித்தாலும் அந்த வீட்டுக்குள் அவன் இனி போக முடியாது.

பிறர் புனிதமாகக் கருதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. 1972-இல் தாய்லாந்தில் ஓர் ஊழியர் பழமையான புத்தர் சிலையின் தலைமேல் ஏறி உட்கார, மற்றவர் படம் எடுத்தார். படம் பத்திரிகைக்குப் போனது, நாடே கொதித்தது, இருவரும் சிறைக்குப் போனார்கள். ஊழியக் காலத்துக்கு நடுவே கிடைத்த ஓர் ஓய்வுப் பொழுதின் குறும்பு அது. கையில் இருக்கும் செல்போனே கேமராவாக இருக்கும் இக்காலத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை.

சாப்பாட்டு விஷயத்தில் ‘ஞான வார்த்தை’ என்ற 1833-ஆம் ஆண்டுக் கட்டளையின்படி காபி, டீ, மது, புகையிலை கூடாது. ஜப்பானில் விருந்தாளிக்கு முதலில் வருவதே பச்சைத் தேநீர். அதுவும் விலக்குதான், கோடையில் தரும் வறுத்த வாற்கோதுமைப் பானத்துக்குத் தடை இல்லை. தவறு மறுப்பதில் இல்லை, மறுத்த கையோடு பிரசங்கம் தொடங்குவதில்தான். நன்றி சொல்லி, தண்ணீரோ வாற்கோதுமைப் பானமோ கேட்டு வாங்கிக் குடித்தால் வீட்டுக்காரருக்கு மனக்குறை இராது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இந்தச் சபைக்காரர்கள் இருக்கிறார்கள். வந்தவர் காபியை மறுத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் எப்படிப் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், ஆயத்த நாள். துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். மலையேற்றத்திலும் கூடைப்பந்திலும் பகல் முழுவதையும் தொலைத்தவன் புதன்கிழமை அழுக்குச் சட்டையோடு நிற்பான், இரவுக்கு உடனடி நூடுல்ஸ் கிண்டுவான்.

2019 பிப்ரவரிக்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போனில் பேசலாம். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவிலேயே பேசலாம். நல்ல மாற்றம். ஆனால் வாரத்தின் புலம்பல் அனைத்தையும் அம்மாவிடம் கொட்டிவிட்டு லேசான மனத்தோடு தூங்கப் போகிற பையன், அந்தப் பாரம் அவர் தலையில் ஏழு நாள் உட்கார்ந்திருப்பதை அறிய மாட்டான்.

இதற்கு எதிர்த்திசையில், ஒன்றையும் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்கள். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, காலையில் எழவே மனம் இராது. ஜெபம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். சபையே 2013-இல் வெளியிட்ட ஒரு கையேடு மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. சிவப்பில் இருந்துகொண்டு பச்சை என்று சொல்பவனுக்கு எந்தக் கையேடும் உதவாது. இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. பாதியில் திரும்பிய மகனை ஊர் என்ன நினைக்குமோ என்ற கவலை அவர்கள் குரலில் ஒலித்தால், அவன் அடுத்த வாரமும் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் சொல்வான். சிகிச்சைக்காக ஊர் திரும்ப வழி இருக்கிறது. திரும்பியவர்கள் வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் சேவை ஊழியராகக் காலத்தை நிறைவு செய்யவும் சபை இடம் தருகிறது. மகன் கிளம்புவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் வைத்து இதை அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.