வாய்க்குள் உள்ள கட்டி, புண் அகற்றும் அறுவை சிகிச்சைக்கு மெடிக்கல் கோடிங் செய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

உயிரித்தொழில்நுட்பமோ இயன்முறை மருத்துவமோ படித்துவிட்டு, சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கோடிங் பணியில், அதாவது நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்கான குறியீடுகளாக (கோடு) மாற்றும் வேலையில், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சர்ஜரி பிரிவு ஒதுக்கப்பட்டதும், தோலில் உள்ள கட்டிகளை அகற்றும் சார்ட்டுகள்தான் (மருத்துவப் பதிவுகள்) பெரும்பாலும் முதலில் பழக்கமாகின்றன. அந்தப் பழக்கத்தோடு வாய்க்குள் உள்ள கட்டிக்கும் கோடு போடப் போகும்போதுதான் பிழைகள் தொடங்குகின்றன. தோலில் கட்டியின் அளவும், அது சாதாரணக் கட்டியா புற்றுநோயா என்பதும் கோடைத் தீர்மானிக்கின்றன. வாய்க்குள் இவை இரண்டுமே, செய்த சிகிச்சையைக் குறிக்கும் சிபிடி கோடைத் தீர்மானிப்பதில்லை. கட்டி இருந்த இடமும், அகற்றிய பிறகு காயத்தை மூடிய விதமும்தான் தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றினால், இவ்வகைச் சார்ட்டுகள் கடினமானவை அல்ல.

முதற்படி: தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள்

ஆபரேட்டிவ் நோட் எனும் அறுவை சிகிச்சைக் குறிப்பின் மேற்பகுதியில் "வாய்ப் புண் அகற்றம்" என்று ஒரே வரியில் சிகிச்சையின் பெயர் இருக்கும். அதை வைத்துக் கோடு போடக் கூடாது. அறுவை செய்தவர் எங்கே கீறினார், எதை எடுத்தார், எந்த நூலால் எத்தனை அடுக்காகத் தைத்தார் என்பவை விவரப் பகுதியில்தான் இருக்கும். தலைப்பும் விவரமும் முரண்பட்டால் விவரமே செல்லும்; விவரமே போதவில்லை என்றால் மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்ப வேண்டுமே தவிர, ஊகித்துக் கோடு போடக் கூடாது.

இரண்டாம் படி: இடத்தை உறுதி செய்யுங்கள்

இதுதான் முழு வேலையின் அச்சாணி என்பதால் இதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் செலவிடலாம். உதட்டின் உட்புறச் சவ்வும் கன்னத்தின் உட்புறச் சவ்வும் சேர்ந்த, பல்வரிசைக்கு வெளியே உள்ள பகுதியைச் சிபிடி நூல் வெஸ்டிபியூல் என்று அழைக்கிறது. அங்கே உள்ள கட்டியை அகற்றுவதற்கு 40810, 40812, 40814, 40816 ஆகிய நான்கு கோடுகள் உள்ளன. நாக்கில் உள்ளதற்கு 41110, 41112, 41113, 41114. நாக்கின் அடியில், வாயின் தரைப்பகுதியில் உள்ளதற்கு 41116 என்ற ஒரே கோடுதான். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அதுவே. ஈறிலும் பல் பதிந்துள்ள எலும்புப் பகுதியிலும் உள்ளவற்றுக்கு 41825 முதல் 41827 வரை. அண்ணத்திலும் உள்நாக்கிலும் உள்ளவற்றுக்கு 42104, 42106, 42107.

பக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் கன்னம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல் மருத்துவம் பயின்ற சர்ஜன்கள், பல்லிலும் ஈறிலும் கன்னத்தைப் பார்த்த பக்கத்தையும் அப்படித்தான் குறிப்பார்கள். "பக்கல் மியூகோசா" என்றால் கன்னம், 40810 வரிசை. "பக்கல் ஜிஞ்ஜைவா" என்றால் ஈறு, 41825 வரிசை. கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் அடிக்கடி மாட்டுகிற இடம் இது.

உதட்டில் இன்னொரு எல்லைச் சிக்கலும் உண்டு. சாதாரணத் தோல் கட்டிகளுக்கான 11440 வரிசையின் விளக்கத்தில் முகம், காது, உதடு ஆகியவற்றோடு சளிச்சவ்வும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பதால், வாய்க்குள் இருப்பதற்கும் அதையே போடலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அதே விளக்கத்தில், வேறிடத்தில் தனியாகப் பட்டியலிடப்படாத கட்டிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. வாய்க்குள் உள்ளதற்கு 40810 வரிசை தனியாக இருப்பதால் 11440 அங்கே பொருந்தாது.

மூன்றாம் படி: என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரு சிறு துண்டை மட்டும் சோதனைக்காக எடுத்திருந்தால் அது பயாப்சி: வெஸ்டிபியூலுக்கு 40808, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு 41100, பின் மூன்றில் ஒரு பங்குக்கு 41105, வாயின் தரைப்பகுதிக்கு 41108, அண்ணத்துக்கு 42100. கட்டி முழுவதையும் எடுத்திருந்தால் அகற்றம், அதாவது மேலே சொன்ன எக்சிஷன் கோடுகள். "எக்சிஷனல் பயாப்சி" என்று எழுதியிருந்தாலும், முழுக் கட்டியும் வெளியே வந்திருப்பதால் அது அகற்றமே. லேசராலோ உறைய வைத்தோ வெஸ்டிபியூலில் உள்ள கட்டியை அங்கேயே அழித்திருந்தால் 40820. லேசர் என்ற சொல் வந்தாலே 40820 என்று போடுவதும் தவறு. லேசரைக் கத்தியைப் போலப் பயன்படுத்திக் கட்டியை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அது அகற்றமாகவே கணக்கிடப்படும்.

ஒரே கட்டியில் முதலில் பயாப்சியும், அதே அமர்வில் முழு அகற்றமும் நடந்திருந்தால் பயாப்சியைத் தனியாகப் பில் செய்ய முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. திசுவை உறைய வைத்து அறுவையின் நடுவிலேயே பார்க்கும் உறைநிலைச் சோதனையின் முடிவைப் பார்த்த பிறகுதான் அகற்றுவது என்று சர்ஜன் முடிவெடுத்திருந்து, அது நோட்டில் தெளிவாக எழுதப்பட்டும் இருந்தால், மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் துணைக் குறி) 58 சேர்த்து இரண்டையும் காட்டலாம். வேறொரு கட்டியில் பயாப்சி எடுத்திருந்தால் 59 அல்லது எக்ஸ்எஸ் மாடிஃபையர் வரும். ஆனால் இரண்டு இடங்களும் நோட்டில் தனித்தனியாகப் பெயரிடப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் படி: காயத்தை மூடிய விதம்

வெஸ்டிபியூலில் தையல் போடாமல் விட்டிருந்தால் 40810, எளிய தையல் என்றால் 40812, சிக்கலான சீரமைப்பு என்றால் 40814, அதோடு அடியில் உள்ள தசையையும் எடுத்திருந்தால் 40816. நாக்கில் தைக்காமல் விட்டது 41110. தைத்திருந்தால் முன்பகுதிக்கு 41112, பின்பகுதிக்கு 41113. நாக்கின் திசுவையே மடித்து மூடியிருந்தால் 41114.

பண வேறுபாடு மிகுதியாக இருப்பதால் 40814 குறித்துத்தான் ஆடிட்டர்கள் கேள்வி கேட்கிறார்கள். இரண்டு அடுக்காகத் தைத்தார் என்பது மட்டும் சிக்கலான சீரமைப்பு ஆகாது. சிபிடி நூலின் விளக்கப்படி, அடுக்குத் தையலுக்கு மேலாக எலும்போ குருத்தெலும்போ வெளிப்பட்டிருப்பது, காயத்தின் ஓரங்களைச் சீர்செய்வது, விரிவாக அடிப்பகுதியைப் பிரித்து இழுப்பது, காயம் பிரியாமல் இழுத்துப் பிடிக்கும் ரிடென்ஷன் தையல் போடுவது போன்றவற்றுள் ஒன்றாவது வேண்டும். விரிவாகப் பிரித்தல் என்பதற்கும் அளவு உண்டு: குறைந்தது ஒரு முழு ஓரத்திலாவது, காயத்தின் அதிகபட்ச அகலத்துக்குக் குறையாத தூரம் பிரித்திருக்க வேண்டும். "ஓரங்களைச் சற்றே பிரித்துத் தைத்தேன்" என்ற வரியை வைத்துக்கொண்டு 40814 போடுகிறவர், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, 13131 என்ற சிக்கலான தையல் கோடின் விளக்கத்தில் வாய் என்ற சொல் இருப்பதைக் கண்டு அதையும் சேர்க்கக் கூடாது; மூடும் வேலை அகற்றக் கோடுக்குள்ளேயே அடங்கிவிட்டது. சர்ஜனே போட்ட மரத்துப்போகும் ஊசியும் அப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கீழுதட்டின் உட்புறத்தில் 8 மில்லிமீட்டர் அளவில் நீலம் பாய்ந்த மெல்லிய வீக்கம்; நோயாளி அடிக்கடி உதட்டைக் கடிக்கும் பழக்கமுள்ளவர். லிடோகெயின் செலுத்தி, நீள்வட்டமாகக் கீறி, வீக்கத்தையும் அதை ஒட்டியிருந்த சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, 4-0 குரோமிக் நூலால் ஒரே அடுக்காகத் தைத்திருக்கிறார்கள். இடம் வெஸ்டிபியூல், செயல் அகற்றம், மூடியது எளிய தையல்; எனவே 40812. அந்த 8 மில்லிமீட்டர் கோடைத் தேர்ந்தெடுப்பதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேத்தாலஜி ரிப்போர்ட் (எடுத்த திசுவின் ஆய்வு முடிவு) உமிழ்நீர்ச் சுரப்பியின் மியூகோசீல் (சளி தேங்கிய வீக்கம்) என்று சொன்னால் நோய்க் கோடு கே11.6.

ஐந்தாம் படி: பேத்தாலஜி ரிப்போர்ட் வரும்வரை பொறுங்கள்

வெளிநோயாளிகள் விஷயத்தில், இருக்கலாம், சந்தேகிக்கப்படுகிறது என்று மருத்துவர் எழுதியதை உறுதியான நோயாகக் கோடு செய்ய நோய்க் கோடுகளுக்கான ஐசிடி-10-சிஎம் வழிகாட்டி அனுமதிப்பதில்லை. ஆகவே "புற்றுநோய் சந்தேகம்" என்ற குறிப்பை வைத்து சி என்று தொடங்கும் கோடைப் போட்டால், நோயாளியின் மருத்துவ வரலாற்றில் இல்லாத புற்றுநோய் ஒன்று ஏறிவிடும். இதைவிடப் பெரிய தீங்கு ஒரு கோடரால் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். மெடிகேர் எனும் அமெரிக்க அரசுக் காப்பீடு, கிளைம் (பணம் கோரும் விண்ணப்பம்) அனுப்ப ஓராண்டு அவகாசம் தருகிறது. சில தனியார் பேயர்களிடம் (காப்பீட்டு நிறுவனங்கள்) அது 90 நாள் வரை சுருங்கினாலும், ரிப்போர்ட் வரச் சில நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

ரிப்போர்ட் வந்ததும் அதன் சொற்களை அப்படியே பின்தொடருங்கள். நாக்கின் சாதாரணக் கட்டி டி10.1, வாயின் தரைப்பகுதியில் என்றால் டி10.2, லூகோபிளேக்கியா எனும் வெள்ளைப் படலம் கே13.21, நாக்கின் ஓரத்தில் உறுதிப்பட்ட புற்றுநோய் சி02.1. சி02 பிரிவில் புகையிலை, மதுப் பழக்கத்துக்கான கூடுதல் கோடையும் சேர்க்கச் சொல்லும் குறிப்பு இருப்பதை விட்டுவிடாதீர்கள். டி37 என்ற தன்மை உறுதியற்ற வகையைப் பேத்தாலஜிஸ்ட் அப்படி எழுதினால் மட்டுமே போட வேண்டும். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்பதற்கு அது மாற்று அன்று. வெறுமனே புண் (லீஷன்) என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் கே13.70 போதும்.

நோய்க் கோடு புற்றுநோயாக மாறியதற்காகச் சிகிச்சைக் கோடையும் உயர்த்தி, 41112 இருந்த இடத்தில் 41120 என்ற பாதிக்கும் குறைவான நாக்கு அகற்றத்தைப் போடுவது புதியவர்களிடம் காணும் ஒரு தடுமாற்றம். நாக்கின் ஒரு பகுதியையே எடுத்ததாக ஆபரேட்டிவ் நோட் விவரித்தால் மட்டுமே 41120 செல்லும்.

ஆறாம் படி: அன்றைய ஆலோசனையும் மாடிஃபையர்களும்

மெடிகேர் கணக்கில் 40810, 40812 ஆகியவற்றுக்கு 10 நாள் குளோபல் காலம், அதாவது சிகிச்சைக்கான கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கும் காலம். 40814, 40816 ஆகியவற்றுக்கு 90 நாள். பத்து நாள் வகையில், அகற்றலாம் என்று முடிவெடுத்த அன்றைய ஆலோசனை சிகிச்சைக்குள்ளேயே அடங்கும். அதற்கு அப்பால் தனித்துத் தெரியும் மதிப்பீடு நடந்திருந்தால்தான் ஆலோசனைக் கோடுடன் மாடிஃபையர் 25 சேரும். புதிய நோயாளி என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. தொண்ணூறு நாள் வகையில், சிகிச்சைக்கு முந்தைய நாளோ அன்றோ முடிவெடுத்த ஆலோசனைக்கு 57. தையல் பிரிப்பதும், ரிப்போர்ட்டை நோயாளிக்கு விளக்குவதும் குளோபல் காலத்தில் இலவசம். ஓரத்தில் புற்றுச் செல்கள் மிஞ்சியதாக ரிப்போர்ட் சொல்லி, அதே காலத்துக்குள் மீண்டும் அகற்றினால் 58.

ஏழாம் படி: மெடிக்கலா, டென்டலா?

இதே சிகிச்சையைப் பல் காப்பீட்டுக்கு அனுப்பினால் சிபிடி கிடையாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கோடுகளான டி7410, டி7411 வரும். சாதாரணக் கட்டி 1.25 சென்டிமீட்டர் வரை இருந்தால் முதலாவது, அதற்கு மேல் என்றால் இரண்டாவது. அளவு அங்கேதான் முக்கியம். இவையும் ஐசிடியின் டி10 போன்ற நோய்க் கோடுகளும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், படிவத்தில் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு சிஎம்எஸ்-1500 படிவம். நோய்க் கோடுகள் 21ஆம் கட்டத்தில், சிகிச்சைக் கோடும் மாடிஃபையரும் 24டி-இல், எந்த நோய்க்காக எந்தச் சிகிச்சை என்ற சுட்டு 24இ-இல், இடக் கோடு 24பி-இல் வரும். கிளினிக் என்றால் 11, பகல்நேர அறுவை மையம் என்றால் 24. முன் அனுமதி எண் இருந்தால் 23ஆம் கட்டம்.

மறுத்துத் திரும்பினால்

மறுப்புக்கான காரணக் குறி சிஓ-97 என்று வந்தால், வேறொரு கோடுக்குள் அடங்கிவிட்டது என்று பொருள். உடனே 59 சேர்த்துத் திருப்பி அனுப்பும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது, ஆனால் இரண்டு தனித்தனி இடங்கள் நோட்டில் இல்லையென்றால் அந்த மறுப்பு சரியானதே. சிஓ-11 என்றால் நோய்க் கோடும் சிகிச்சையும் பொருந்தவில்லை. பெரும்பாலும் 24இ சுட்டு தவறியிருக்கும், அல்லது நாக்குச் சிகிச்சைக்குக் கன்னத்தின் நோய்க் கோடு போயிருக்கும். சிஓ-50 என்றால் மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை. வலி, இரத்தக் கசிவு, அளவு கூடியது, உண்ணச் சிரமம் போன்றவை பதிவான ஆலோசனைக் குறிப்பையும் பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் இணைத்து மேல்முறையீடு செய்ய வேண்டும். மெடிகேரில் முதல் மேல்முறையீட்டுக்கு 120 நாள் அவகாசம் உண்டு.