காரைக்குடிப் பக்கம் கடைக்குப் போகிறீர்களா? ஒரு தூக்குச்சட்டி எடுத்துக்கொள்ளுங்கள்

பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் சந்தையில் கை நீட்டினால் கவர்தான் வருகிறது. அதனால் வண்டியிலேயே ஒரு மஞ்சப்பையும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கும் போட்டு வையுங்கள். கறி, மீன், மாவு, செக்கு எண்ணெய் எல்லாம் தூக்கில் வாங்கலாம், ஒன்றே ஒன்று மட்டும் கவனம்: காலித் தூக்கை முதலில் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம், கடைக்காரர்களுக்கு இது பழகின விஷயம்தான்.

சீப்புச் சீடை, மணகோலம் மாதிரிப் பலகாரங்களுக்கும் வீட்டு டப்பாவே போதும். சீர், மொய் என்று கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பளபள காகிதப் பைக்குப் பதில் நம்ம ஊர் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள், வாங்குகிறவர் அதைத் தூக்கிப் போடவே மாட்டார், பல வருஷம் உழைக்கும். ஈரம் மட்டும் ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள்.

அப்புறம், பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ ஒருவர் இருவராகப் போவதற்குக் கார் எதற்கு? பஸ் இருக்கிறது, அரசு சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. திருச்சிக்கு என்றால் ரயில்.