சின்னக் குழுவை வைத்துக்கொண்டு டிஸ்ட்லர் பாடுவது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் டெனருக்கு, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கு, எப்போதும் பஞ்சம்தான். ஆள் குறைந்த குழுவுக்கு நான் சிபாரிசு செய்வது ஜெர்மன் இசையமைப்பாளர் ஹூகோ டிஸ்ட்லரை. 1908இல் நூரம்பெர்கில் பிறந்தவர், 1931இல் லூபெக்கின் புனித யாக்கோபு ஆலயத்துக்கு ஆர்கன் வாசிக்க வந்தார், 34 வயதிலேயே இறந்துவிட்டார். அவருடைய 'யார்க்ரைஸ்' தொகுப்பில் திருச்சபை ஆண்டு முழுவதற்கும் இரண்டு, மூன்று குரல்களுக்கான 52 குட்டிப் பாடல்கள் இருக்கின்றன. அதில் தொடங்குங்கள்.

முதல் ஒத்திகையில் சுரமே வேண்டாம். ஜெர்மன் வரியைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்து, தொடையில் தாளம் தட்டியபடி பேசச் சொல்லுங்கள். டிஸ்ட்லரிடம் ஒவ்வொரு குரலும் சொல்லின் அழுத்தத்தை ஒட்டித் தனி நடை போடும். சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) மூன்று மூன்றாகப் போகையில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) இரண்டிரண்டாகப் போகலாம். தாளம் போட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வரிசையைப் பார்த்துத் தட்டுகிறவர்தான் தடுமாறுவார். அவரை ஓரமாக நிறுத்துங்கள்.

பிறகு பாட்டு. கீபோர்டில் ஆரம்பச் சுரம் மட்டும் கொடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். முடிக்கும்போது சுருதி இறங்கியிருக்கும். "ஏர்கோன் குளிருது ஆன்ட்டி" என்பார்கள், நம்பாதீர்கள். நீண்ட சுரத்தில் மூச்சு தளர்ந்திருக்கும். அங்கே பென்சிலால் குறி போட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் மாறி மாறி மூச்சு வாங்கட்டும்.