ஒரே ஒரு அறைக்கு ஹீட் பம்ப்: கையைக் கடிக்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு அறையைச் சூடாக்க ஹீட் பம்ப் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் பிராண்டைப் பார்க்கிறார்கள். அறையைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதே இல்லை. இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். அறைக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று தெரிந்துவிட்டால் பாதி மாடல்கள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மிச்சமிருப்பதில் விலை குறைந்ததைத் தைரியமாக வாங்கலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓட்டக்கூடிய ஏசி. கோடையில் அறைக்குள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிற அதே கம்ப்ரசர், குளிர்காலத்தில் ஒரு நான்குவழி வால்வின் உதவியோடு வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவருகிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி இருந்தாலும் அந்தக் காற்றில் எடுக்கக்கூடிய வெப்பம் இருக்கிறது. சாதாரண கம்பிச்சுருள் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும், அதற்கு மேல் தரவே முடியாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் அதே 1 யூனிட்டுக்கு 2 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கிறது. இந்த விகிதத்துக்குத்தான் சிஓபி என்று பெயர்.

முதல் படி: உங்களுக்கு உண்மையிலேயே ஒரு அறைதானா?

வெளியே ஒரு யூனிட், உள்ளே ஒரு யூனிட், நடுவே காப்பர் பைப். ஒற்றை அறை ஸ்பிளிட் என்பது இவ்வளவுதான். அது நிற்கிற அறையை அருமையாகப் பார்த்துக்கொள்ளும். கதவு திறந்திருந்தால் பக்கத்து அறைக்குக் கொஞ்சம் வெப்பம் போகும், மூடிவிட்டால் ஒன்றும் போகாது. ஹாலில் மாட்டிவிட்டு மூடிய படுக்கையறையும் சூடாக வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கதவில்லாத பெரிய கூடம், தனியாக நிற்கும் வேலை அறை, மேலே கட்டிய ஒற்றை அறை, இவற்றுக்கெல்லாம் இது கச்சிதம்.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் வகை மலிவாகத் தெரியும். அதிலும் ஒற்றைக் குழாய் உள்ளதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அறையின் காற்றையே குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது, தள்ளிய அளவுக்கு வெளியிலிருந்து குளிர்காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் ஜன்னலில் வைக்கும் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். சொந்த இடமென்றால் ஸ்பிளிட்தான்.

இரண்டாவது படி: வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள்

பயப்பட வேண்டாம், பெருக்கலும் கூட்டலும்தான். ஆனால் இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு யூ மதிப்பு உண்டு. ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதே அது. வெப்பக்காப்பு இல்லாத செங்கல் சுவருக்கு ஏறத்தாழ 2, நல்ல காப்பு வைத்த சுவருக்கு 0.5 அல்லது அதற்கும் கீழே. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.5, இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 என்று வைத்துக்கொள்ளலாம். பரப்பளவை யூ மதிப்பால் பெருக்குங்கள். காற்றுக் கசிவுக்குத் தனிக் கணக்கு: அறையின் கன அளவு × ஒரு மணி நேரத்தில் காற்று எத்தனை முறை மாறுகிறது × 0.33.

ஓர் உதாரணம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள அறை, இரண்டு சுவர்கள் வெளியே பார்க்கின்றன, 3 சதுர மீட்டர் ஜன்னல் இருக்கிறது. நல்ல காப்பு இருந்தால்:

சுவர் 19.5 × 0.5 = 9.75
ஜன்னல் 3 × 2.8 = 8.4
கூரை 20 × 0.3 = 6
தரை 20 × 0.4 = 8
காற்று 50 × 1 × 0.33 = 16.5

மொத்தம் ஏறத்தாழ 49, அதாவது 1 டிகிரி வித்தியாசத்துக்கு 49 வாட். உள்ளே 20 டிகிரி வேண்டும், உங்கள் ஊரில் வழக்கமாக வரும் கடுங்குளிர் மைனஸ் 5 என்றால் வித்தியாசம் 25. 49 × 25 என்றால் சுமார் 1,225 வாட். கடைகளில் திறனைப் பிடியு என்ற அலகில், ஒரு மணி நேரக் கணக்கில் சொல்வார்கள். 1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பிடியு, ஆக இந்த அறைக்கு அந்தக் குளிரிலும் வேண்டியது 4,200 பிடியுவுக்குக் கொஞ்சம் கீழேதான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிறிய மாடலே 9,000 பிடியு!

இப்போது அதே அறையைக் காப்பு எதுவும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். சுவருக்கு 2, ஒற்றைக் கண்ணாடிக்கு 5.5, வெறும் கான்கிரீட் கூரை என்பதால் அதற்கும் 2, தரைக்கு 0.7, காற்று மணிக்கு இரண்டு முறை மாறுகிறது. மொத்தம் 142-ஐத் தாண்டும். 25-ஆல் பெருக்கினால் சுமார் 3,560 வாட், அதாவது 12,000 பிடியுவுக்கு மேல். அறை அதே 20 சதுர மீட்டர்தான், தேவை மூன்று மடங்கு. சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு இத்தனை டன் போடுங்கள் என்று சொல்பவரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெயில் நேராக விழும் பெரிய ஜன்னல் இருந்து, கோடையிலும் இதையே ஓட்டப் போகிறீர்கள் என்றால் குளிரூட்டும் தேவையையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். சில அறைகளில் அதுதான் பெரிய எண்ணாக இருக்கும்.

மூன்றாவது படி: வாங்குவதற்கு முன் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்

மேலே உள்ள கணக்கில் காற்றுக்கும் கூரைக்கும் எவ்வளவு போகிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி சீலன்ட், கூரைக்கு மேல் காப்பு. இந்தச் செலவுக்குப் பிறகு ஓரளவு சிறிய யூனிட்டே போதுமானதாகிவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அறைக்குள் விறகு, கேஸ் போன்ற எதையாவது எரித்தால் காற்றோட்டத்தை முழுக்க அடைக்கக் கூடாது.

நான்காவது படி: விவரத்தாளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் பிடியு பொதுவாகக் குளிரூட்டும் திறன். சூடாக்கும் திறனைத் தனியே தேடுங்கள். அதுவும் 7 அல்லது 8 டிகிரி வெளிவெப்பத்தில் அளந்ததாக இருக்கும், அது ஒரு இதமான நாள். வெளியே குளிர ஆரம்பித்தால் திறன் இறங்கும். அதனால் மைனஸ் 7 அல்லது மைனஸ் 8 டிகிரியில் எவ்வளவு தருகிறது என்ற வரிதான் உங்களுக்கு வேண்டியது, அதை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். அந்த வரியே விவரத்தாளில் இல்லை என்றால், கடுங்குளிர் ஊருக்கு அந்த மாடலை நான் எடுக்க மாட்டேன்.

அடுத்தது யாரும் பார்க்காத எண், குறைந்தபட்சத் திறன். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் எல்லா மாடலும் ஒரே அளவுக்குக் குறைவதில்லை. நம் உதாரண அறையில் வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் தேவை வெறும் 490 வாட். ஒரு மாடல் 500 வாட் வரை இறங்குகிறது, இன்னொன்று 1,200 வாட்டுக்குக் கீழே இறங்காது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நாள் முழுக்கச் சத்தமில்லாமல் மெல்ல ஓடும். இரண்டாவது ஐந்து நிமிடம் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, அறை ஒரு நேரம் புழுங்கும், ஒரு நேரம் சில்லிடும், கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும். குளிர்காலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட நடுத்தரமான நாட்கள்தான். பாதுகாப்புக்கு ஒரு சைஸ் பெரிதாகப் போடலாமே என்ற ஆலோசனை இங்கேதான் காசையும் கெடுக்கிறது, சுகத்தையும் கெடுக்கிறது.

ஐந்தாவது படி: எவ்வளவு திறனுக்குக் காசு கொடுக்கலாம்?

பருவம் முழுமைக்குமான சராசரித் திறனை எஸ்சிஓபி என்றும், அமெரிக்க முறையில் 2023 முதல் எச்எஸ்பிஎஃப்2 என்றும் குறிக்கிறார்கள். பின்னதை 3.412-ஆல் வகுத்தால் சிஓபி போன்ற எண் கிடைக்கும். 10 என்றிருந்தால் ஏறத்தாழ 2.9. ஆனால் இரண்டு முறைகளும் வெவ்வேறு தட்பவெப்பத்தை வைத்துக் கணக்கிடுபவை, அதனால் ஒரே முறையில் குறித்த மாடல்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இப்போது கரண்ட் பில். ஆண்டுக்கு உங்கள் அறைக்கு 4,000 யூனிட் வெப்பம் தேவை என்று வையுங்கள். ஹீட்டரில் 4,000 யூனிட் மின்சாரம் போகும். சிஓபி 2.5 உள்ள ஹீட் பம்பில் 1,600. சிஓபி 4 உள்ள உயர்ரக மாடலில் 1,000. கவனியுங்கள், முதல் தாவலில் 2,400 யூனிட் மிச்சம், இரண்டாவது தாவலில் 600 மட்டும். அந்த 600-ஐ உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, இரண்டு மாடல்களின் விலை வித்தியாசத்தை அதனால் வகுத்தால் எத்தனை ஆண்டில் காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். எப்போதாவது பயன்படுத்தும் அறை, ஆண்டுக்கு 1,000 யூனிட் வெப்பம்தான் தேவை என்றால் வித்தியாசம் 150 யூனிட்டாகச் சுருங்கிவிடும், அங்கே விலை உயர்ந்த மாடலுக்கு அர்த்தமே இல்லை. நாள் முழுக்க ஓடும் அறைக்கு அர்த்தம் உண்டு.

பைப்புக்குள் சுற்றிவந்து வெப்பத்தைச் சுமக்கும் கேஸ் பற்றிச் சுருக்கமாக: பழைய ஆர்-410ஏவின் புவி வெப்பமாக்கும் மதிப்பு 2,088, ஆர்-32க்கு 675. இரண்டும் கிடைத்தால் ஆர்-32 எடுங்கள்.

ஆறாவது படி: பொருத்துபவரைத் தேர்ந்தெடுப்பது

நல்ல மெஷினை மோசமாகப் பொருத்தினால் அது மோசமான மெஷின்தான். எங்கள் வீட்டில் முதலில் பொருத்த வந்தவர் பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டினார், கேஜ் எதையும் இணைக்கவில்லை, வால்வைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டாவது குளிர்காலத்தில் சூடே வரவில்லை. காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட் சரியாக முறுக்கப்படாமல் மெல்ல மெல்ல கேஸ் இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் அம்மா இரண்டு கம்பளியோடு உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் கேட்கிறேன், வேலையை ஒப்படைப்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நைட்ரஜன் அடைத்துக் கசிவு சோதிப்பீர்களா? வாக்குவத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே வாக்குவம் எடுப்பீர்களா, எடுத்தபின் பம்பை நிறுத்தி அது அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பீர்களா? ஃப்ளேர் நட்டைக் குறித்த இறுக்கத்துக்கு முறுக்க டார்க் ரென்ச் வைத்திருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். மெஷினில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிப்பதில் தப்பே இல்லை.

பைப் நீளத்தையும் கேளுங்கள். வெளி யூனிட்டில் கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் நிரப்பி வரும், அதைத் தாண்டினால் கூடுதலாக நிறை பார்த்துப் போட வேண்டும். இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் சுற்ற வேண்டும். தனி மின்வழி, கையேட்டில் சொன்ன அளவு பிரேக்கர், இதிலும் சமரசம் வேண்டாம்.

ஏழாவது படி: இடம்

சூடாக்கும்போது தண்ணீர் சொட்டுவது வெளி யூனிட்டிலிருந்து. குளிரில் அது உறையும், ஆகவே நடைபாதைக்கு மேலே மாட்டக் கூடாது. தரையில் வைத்தால் ஸ்டாண்டு போட்டு உயர்த்துங்கள், பனி பொழியும் ஊரென்றால் பனி வழக்கமாகச் சேரும் உயரத்துக்கும் மேலே. உள் யூனிட்டின் காற்று கட்டிலையும் நாற்காலியையும் நேராகத் தாக்காமல் அறையின் நீளவாட்டில் போகட்டும்.

இன்னொன்று, சுவரின் உச்சியில் இருக்கும் யூனிட் தன்னருகே உள்ள காற்றின் சூட்டைத்தான் அளக்கிறது. சூடான காற்று மேலே தேங்குவதால், கீழே நீங்கள் குளிரில் இருக்கும்போதே வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொள்ளும். ரிமோட்டிலேயே சென்சார் உள்ள மாடல் என்றால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு டிகிரி கூட்டி வையுங்கள்.

ஓட்டுவது

அடிக்கடி அணைத்துப் போடாமல் ஒரே வெப்பநிலையில் விட்டுவிடுங்கள், மெல்ல ஓடும்போதுதான் இன்வெர்ட்டர் சிக்கனமாக ஓடும். ஃபில்டரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அப்புறம், ஈரமான குளிர்காலைகளில் உள் யூனிட் திடீரென்று காற்று வீசுவதை நிறுத்தும், வெளி யூனிட்டிலிருந்து புகை போல ஆவி கிளம்பும். முதல் முறை பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பதறி மெயினை அணைத்துவிடுகிறார்கள். படிந்த உறைபனியைக் கரைக்க மெஷின் சில நிமிடம் தன்னைத் திருப்பி ஓட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அணைக்காமல் விட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி சூடு வரும்.