ஸ்மார்ட் சுவிட்சா, கேஎன்எக்ஸா? முதலில் சுவரைப் பாருங்கள்

வீட்டு விளக்குகளைக் கைபேசியில் இயக்க இரண்டு வழிகள் உண்டு. கடையில் வாங்கி நாமே அமைத்துக்கொள்ளும் வைஃபை கருவிகளும், ஜிக்பி என்ற இன்னொரு கம்பியில்லா முறையில் இயங்கும் கருவிகளும் ஒன்று. கேஎன்எக்ஸ் போல, தொழில்முறை நிறுவுநரை வைத்து வீடு முழுக்கத் தனிக் கம்பி இழுப்பது மற்றொன்று. விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். சுவர்ப்பூச்சு முடிந்துவிட்டதா? முடிவு அதில்தான் இருக்கிறது.

முடியவில்லை என்றால், கையில் பணமும் இருந்தால், கேஎன்எக்ஸ் போடுங்கள். சுவிட்சுக்கு 230 வோல்ட் வராது. ஏறத்தாழ 30 வோல்ட் டிசி ஓடும் பச்சைக் கம்பிதான் வரும். விளக்கை இயக்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) வீட்டின் மின் விநியோகப் பெட்டியான டிபி பாக்ஸிலேயே வைத்துவிடலாம். சர்வரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் கட்டாயம் சேருங்கள்: வேலை முடிந்ததும் ஈடிஎஸ் (கேஎன்எக்ஸை அமைக்கும் மென்பொருள்) புராஜெக்ட் ஃபைலை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் நிறுவுநர் ஊரை விட்டுப் போய்விட்டால், அடுத்து வருபவர் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். கடைசித் தவணையை அந்த ஃபைல் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.

பூச்சு முடிந்த வீடா? சுவிட்சுக்குப் பின்னால் உட்காரும் ஜிக்பி ரிலே மாட்யூல்களும், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளும் போதும். வைஃபை மாட்யூல்களை நான் பரிந்துரைப்பதில்லை. பல மாட்யூல்கள் தயாரிப்பாளரின் சர்வரை நம்பியே இயங்குகின்றன. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றி சர்வர்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் செயலிகள் முடங்கின. நம் வீட்டு விளக்குக்கு அந்த நிலை வரக்கூடாது. அந்தக் கணினியை மாட்யூல்களோடு பேசவைக்கும் ஜிக்பி டாங்கிளை யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அங்கிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டால் தீர்ந்தது.

மென்பொருள் நிறுவுவது எளிது. வேலையே சுவிட்ச் பாக்ஸில்தான். பெரும்பாலான மாட்யூல்கள் இயங்க நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்) வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல வீடுகளில் இருக்காது. கறுப்பு ஒயர் என்பதாலேயே நியூட்ரல் என்று நம்பாதீர்கள். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரையும் கறுப்பில் இழுத்திருப்பார்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல். ஒரே பாக்ஸில் விளக்குக்கு இன்வெர்ட்டர் லைனும், பவர் பிளக்குக்கு நேரடி லைனும் வந்திருக்கும். நியூட்ரலும் இரண்டு. ஃபேஸை (மின்சாரம் வரும் ஒயர்) ஒன்றிலிருந்தும் நியூட்ரலை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் மாட்யூல் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஆனால் அது இழுக்கும் சில மில்லியம்பியர் தவறான வழியில் திரும்புகிறது. ஒரு மாட்யூலுக்கு ஒன்றும் ஆகாது. அறை அறையாக மாட்டிக்கொண்டே போகும்போது கசிவு கூடி, கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ஆர்சிசிபி ஒரு நாள் விழுந்துவிடும். கடைசியாக மாட்டிய மாட்யூல்தான் பழுது என்று எல்லோரும் அதைக் கழற்றுவார்கள்.

கண்டுபிடிக்கும் முறை இது. எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். இரண்டு லைனுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருந்தால், நேரடி லைனுடையதை மட்டும் அணையுங்கள். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். இன்வெர்ட்டர் ஃபேஸுக்கும் சந்தேகமான ஒயருக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் (ஒயர் இணைத்த குண்டு பல்பு) வையுங்கள். எரிந்தால் அது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல். மல்டிமீட்டர் இங்கே பொய் வோல்டேஜ் காட்டலாம். குண்டு பல்பு ஏமாற்றாது. கண்டுபிடித்ததும் அந்த ஒயரில் டேப் சுற்றி எழுதிவையுங்கள்.

பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மாட்யூலின் எல், என் முனைகளில் ஃபேஸையும் நியூட்ரலையும், எல்1-இல் விளக்கு ஒயரையும், எஸ்1, எஸ்2-இல் பழைய சுவிட்சையும் இணையுங்கள். கைபேசி தெரியாத பாட்டியும் பழையபடி சுவிட்சைத் தட்டியே விளக்கைப் போடலாம். சுவிட்ச் வேலை செய்யாத ஸ்மார்ட் வீடு எனக்கு உடன்பாடில்லை.

பின்சேர்க்கை: கீசரையும் ஏசியையும் இதே மாட்யூலில் இணைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. 10 ஆம்பியர் ரிலேயின் முனைகள் அந்தச் சுமையில் உருகி ஒட்டிக்கொள்ளும். டிபி பாக்ஸில் கான்டாக்டர் (அதிகச் சுமை தாங்கும் பெரிய ரிலே) வைத்து, மாட்யூலால் கான்டாக்டரை மட்டும் இயக்குங்கள்.