யூபிளாக் போட்டபின் பட்டன் வேலை செய்யவில்லையா? எந்த ஸ்கிரிப்டைத் திறப்பது என்று கண்டுபிடிக்கும் முறை

படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டு 'சமர்ப்பி'யை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெட்டி. மெனு விரியாது. ஸ்கிரிப்ட்டை, அதாவது பக்கத்தை இயக்கும் சிறு நிரலை, தடுக்கும் எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) போட்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் வாடிக்கை. பலரும் எரிச்சலில் எக்ஸ்டென்ஷனையே அணைத்துவிடுகிறார்கள், பிறகு திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். அந்தத் தளத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது பெரும்பாலும் ஸ்கிரிப்ட் வரும் ஒன்றிரண்டு முகவரிகள்தான்.

இங்கே சொல்வது கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரமும் ஸ்கிரிப்ட்டும் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின். குரோம் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய எக்ஸ்டென்ஷன் விதிமுறைக்கு மாறியபின் அதில் கிடைப்பது 'யூபிளாக் ஆரிஜின் லைட்' மட்டும்தான். விளம்பரம் தடுக்க அது போதும். ஆனால் கீழே வரும் முகவரி அட்டவணை அதில் கிடையாது. ஸ்கிரிப்ட் விஷயத்தில் கைப்பிடி வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்துவிடுங்கள்.

முதலில், குற்றவாளி யூபிளாக்தானா?

யூபிளாக் ஐகானை அழுத்தினால் பெரிய நீலப் பவர் பட்டன் வரும். அதை அணைத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். தளம் சரியானால் யூபிளாக்தான் காரணம். பட்டனைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

சரியாகவில்லையா? முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள கேடயத்தைப் பாருங்கள். அது ஃபயர்ஃபாக்ஸின் சொந்தத் தடுப்பு. 'ஸ்ட்ரிக்ட்' நிலையில் வைத்திருந்தால் அதுவும் தளங்களை உடைக்கும். வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் இருந்தாலோ, விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) போட்டிருந்தாலோ மூன்றாவது வேலியும் உண்டு.

பிரைவேட் விண்டோவில் திறந்து பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் முழுதாக நம்ப முடியாது. அங்கே நீங்கள் அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன் ஓடாது, உண்மை. பழைய குக்கியும் அங்கே இருக்காது. தளம் சரியானது எதனால் என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: யூபிளாக்கின் டாஷ்போர்டில் (அமைப்புகள் பக்கத்தில்) 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்', அதாவது எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களுக்குப் போய் 'அப்டேட் நவ்' கொடுத்துவிடுங்கள். பட்டியலில் இருந்த பிழையை ஏற்கெனவே யாராவது திருத்தியிருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

கன்சோலில் முதல் சிவப்பு வரி

எஃப்12 அழுத்தி 'கன்சோல்' போங்கள். பக்கத்தை ரீலோட் செய்தால் சிவப்பு வரிகள் கொட்டும். பயப்பட வேண்டாம், மேலே முதலில் வருவதைத்தான் படிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவு. "ஜேக்வரி இஸ் நாட் டிஃபைன்ட்" என்றோ, வெறும் $ குறி போட்டு அதே வாசகமோ வந்தால், பல தளங்கள் பயன்படுத்தும் ஜேக்வரி என்ற ஸ்கிரிப்ட் கோப்பு வந்து சேரவில்லை. அது வழக்கமாக கோட்.ஜேக்வரி.காம், அஜாக்ஸ்.கூகுள்ஏபிஐஸ்.காம், சிடிஎன்ஜேஎஸ்.கிளவுட்ஃப்ளேர்.காம் இவற்றில் ஒன்றிலிருந்து வரும். "ஜிரீகேப்ட்சா இஸ் நாட் டிஃபைன்ட்" என்றால் வராமல் போனது கேப்ட்சா, அதாவது 'நான் ரோபோ அல்ல' சோதனை.

பக்கத்திலேயே உள்ள 'நெட்வொர்க்' தாவலில் தடுக்கப்பட்ட கோரிக்கைக்கு எதிரே யூபிளாக்கின் பெயரே எழுதியிருக்கும். எந்த முகவரி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் திறப்பது

யூபிளாக் செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்ட் யூசர்' கட்டத்தை டிக் செய்தால், ஐகான் பலகையில் 'மோர்' அழுத்தும்போது முகவரிகளின் அட்டவணை விரியும். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். இடது கட்டம் எல்லாத் தளங்களுக்கும், வலது கட்டம் இப்போது திறந்திருக்கும் தளத்துக்கு மட்டும். எப்போதும் வலது கட்டம். இடதில் கைபட்டால் இணையம் முழுவதற்கும் திறந்துவிட்டதாக அர்த்தம்.

கட்டத்தில் தெரியும் கழித்தல் குறிகள் தடுக்கப்பட்டவற்றின் அளவு: ஒரு குறி என்றால் பத்துக்குள், இரண்டு என்றால் நூறுக்குள், மூன்று என்றால் அதற்கு மேல்.

அடுத்து நிறம். இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் சாம்பலும் சிவப்பும் வரும். பதிப்பையும் அமைப்பையும் பொறுத்துப் பச்சையும் தெரியலாம். சிவப்பு என்றால் தடு. திறப்பது என்றதும் கை பச்சைக்குப் போகும். போகக்கூடாது. பச்சை வைத்தால் அந்த முகவரியிலிருந்து வரும் எல்லாமே, வடிகட்டிப் பட்டியல் தடுக்கும் விளம்பரமும் வேவுக் கோப்பும் உட்பட, உள்ளே வந்துவிடும். சாம்பல் என்றால் "என் பொதுத் தடையை இங்கே தளர்த்து, பட்டியல் தன் வேலையைப் பார்க்கட்டும்" என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது சாம்பல்.

மூன்றாம் தரப்பு (வேறு தளத்திலிருந்து வரும்) ஸ்கிரிப்ட், ஃபிரேம் (பக்கத்துக்குள் பதிக்கும் வேறு பக்கம்) இரண்டையும் எல்லாத் தளங்களிலும் சிவப்பில் வைத்திருப்பவர்களுக்கு, அதாவது 'மீடியம் மோட்' காரர்களுக்கு, கேப்ட்சா நல்ல உதாரணம். லாகின் பக்கத்தில் 'நான் ரோபோ அல்ல' பெட்டியே காணோம். அட்டவணையில் கூகுள்.காம் தெரிகிறது, சாம்பல் வைத்து ரீலோட் செய்கிறீர்கள். இன்னும் பெட்டி வரவில்லை. திறந்தது வேலைக்கு ஆகவில்லை என்று அதைத் திரும்ப மூடிவிடாதீர்கள்! கூகுள்.காமிலிருந்து வருவது ஒரு சின்னத் தொடக்கக் கோப்பு. அது ஓடிய பிறகுதான் ஜிஸ்டேடிக்.காமிலிருந்து உண்மையான கோப்பைக் கேட்கும். முன்பு கேட்கவே இல்லாததால் அட்டவணையில் அதன் பெயரும் இருந்திருக்காது. இப்போது பலகையைத் திரும்பத் திறந்தால் புதிய வரி வந்திருக்கும். அதற்கும் சாம்பல், இன்னொரு ரீலோட், பெட்டி வந்துவிடும்.

ஒன்றைத் திற, ரீலோட் செய், புதிதாக என்ன முளைத்தது என்று பார். இந்த ஒழுங்கை விடாதீர்கள். ஐந்தாறை ஒரே மூச்சில் திறந்தால் எது தேவைப்பட்டது என்று பிறகு தெரியாது. கூகுள்-அனலிட்டிக்ஸ், டபுள்கிளிக் போன்ற வேவு, விளம்பர முகவரிகளைக் கடைசிவரை தொட வேண்டாம். அவை இல்லாமல் நின்றுபோகும் தளம் அரிது.

வேலை செய்ததும் பலகையில் உள்ள பூட்டுப் படத்தை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் உலாவியை மூடியதும் எல்லாம் போய்விடும். சோதனை குழம்பிவிட்டால் பூட்டுக்குப் பக்கத்தில் உள்ள அழிப்பானை அழுத்தினால் சேமிக்காதவை அழிந்துவிடும்.

சாம்பல் வைத்தும் திறக்கவில்லை என்றால்

தடுப்பது உங்கள் விதி அல்ல, வடிகட்டிப் பட்டியல். யூபிளாக் பலகையில் உள்ள லாகரை (எது தடுக்கப்பட்டது என்று காட்டும் பதிவேட்டை) திறந்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். சிவப்பு வரியைச் சொடுக்கினால் எந்தப் பட்டியலின் எந்த விதி தடுத்தது என்று தெரியும். அதே பெட்டியில் 'ஸ்டேட்டிக் ஃபில்டர்' தாவலில் 'பிளாக்' என்பதை 'அலவ்' என மாற்றி, எல்லா இடத்துக்கும் என்றில்லாமல் இந்தத் தளத்துக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்து உருவாக்கிவிடுங்கள்.

பக்கம் முழுதாக வந்தும் ஸ்க்ரோல் ஆகவில்லை என்றால் அது வேறு நோய். குக்கி சம்மதப் பெட்டியை யூபிளாக் மறைத்திருக்கும், தளமோ அந்தப் பெட்டிக்காக ஸ்க்ரோலைப் பூட்டிவைத்திருக்கும். பலகையின் அடியில் உள்ள கண் படத்தை அழுத்தி ரீலோட் செய்து, பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம்.

பணம் கட்டும் பக்கம்

இங்கே மட்டும் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். பாதி வழியில் ரீலோட் செய்தால் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும். கடையின் தளத்தில் பவரை அணைப்பதும் போதாது. அது அந்தத் தளத்துக்கு மட்டும்தான் செல்லும். ஓடிபி கேட்கும் வங்கிப் பக்கம் வேறு முகவரிக்குத் தாவும்போது அங்கே தடுப்பு விழித்தே இருக்கும். எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத தனி ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் (தனி அமைப்புகள் கொண்ட உலாவிக் கணக்கு) ஒன்றைப் பணத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு, கட்டணம், வங்கி எல்லாம் அதில்.

நோஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு

நோஸ்கிரிப்ட்டும் ஸ்கிரிப்ட் தடுக்கும் இன்னொரு எக்ஸ்டென்ஷன்தான். வழி இதேதான், பெயர்கள் வேறு. சாம்பலுக்குப் பதில் 'டெம்ப் டிரஸ்டட்' கொடுத்துப் பாருங்கள், உலாவியை மூடியதும் போய்விடும். நிரந்தர 'டிரஸ்டட்' கொடுத்தால் அந்த முகவரி எல்லாத் தளங்களிலும் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். யூபிளாக்கும் நோஸ்கிரிப்ட்டும் சேர்த்துப் போடுவதில் புதிதாகத் தொடங்குபவருக்கு லாபமில்லை. ஒவ்வொரு பிரச்சினையையும் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: சாம்பல் வைத்தும் "மாறவே இல்லை" என்பவர்கள் முகவரிப் பட்டையை ஒருமுறை பாருங்கள். விதி எழுதியது கடையின் பக்கத்தில், சிக்கல் வருவது லாகினுக்காகத் தாவிய வேறு தளத்தில் என்றால் அங்கே போய்த்தான் திரும்ப எழுத வேண்டும். அப்படியும் இல்லை என்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்துங்கள், பழைய கேச் கோப்பு உட்கார்ந்திருக்கலாம்.